கேட்க முடியாத சம்மதம்

கீழ்த்தாடை மிகச் சிறிதாகவும் பின்வாங்கியும் அமைந்து பிறக்கும் குழந்தைக்கு வாய்க்குள் நாக்கு தங்க இடம் போதாது. மல்லாந்து படுத்தால் நாக்கு தொண்டைப் பக்கம் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். பாரிஸ் நகரின் வாய் மருத்துவர் பியர் ராபின் இந்த நாக்குச் சரிவைப் பற்றி 1923-இல் எழுதினார். இன்று அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது. இதில் குறைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக விளைகின்றன. கருவின் மூன்றாம் மாதத்தை ஒட்டித் தாடை வளர்ச்சி பின்தங்கினால், நாக்கு இறங்காமல் மேலேயே நிற்கிறது. மேலண்ணத்தின் இரு பாதிகளும் நடுவில் வந்து கூடுவதற்கு அது வழிவிடுவதில்லை. ஆகவே பல குழந்தைகள் அண்ணப் பிளவோடும் பிறக்கின்றன. ஏறத்தாழ 8,500 முதல் 14,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. தாடை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கிய குழந்தை ஒன்றரை வயதைத் தாண்டி வாழ்ந்ததைத் தாம் கண்டதில்லை என்று ராபின் எழுதிவைத்தார்.

பால் குடிப்பது பெரியவர்கள் நினைப்பது போல எளிய வேலையல்ல. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையிடையே மூச்சுவிட வேண்டும். மூன்றும் தாளம் தப்பாமல் நடக்க வேண்டும். காற்றுக்கே போராடும் குழந்தைக்கு மற்ற இரண்டுக்கும் தெம்பு மிஞ்சுவதில்லை. அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சு விசையே உண்டாகாது. பால் புரையேறுகிறது, எடை ஏறுவதில்லை. குடித்த சிறிதளவு பாலின் சத்தையும் மூச்சு இழுப்பதே தின்றுவிடுகிறது. மூச்சும் பாலும் இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் அல்ல.

மருத்துவர்கள் எடுத்த எடுப்பில் கத்தியைத் தொடுவதில்லை. குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் நாக்கு முன்னே விழுந்து வழி திறக்கும். பலருக்கு இதுவே போதும். ஆனால் குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்குத் திடீர் மரண ஆபத்து கூடுதல் என்பதால், கருவிக் கண்காணிப்பு இல்லாமல் இதைச் செய்வது சரியல்ல. மூக்கு வழியே தொண்டைவரை ஒரு மெல்லிய குழாயைச் செருகி வைப்பது அடுத்த வழி. ஜெர்மனியின் டியூபிங்கன் நகர மருத்துவர்கள், நாக்கின் அடியை முன்னுக்குத் தள்ளும் நீட்சி கொண்ட அண்ணத் தகடு ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். நாக்கைக் கீழுதட்டோடு தைத்துவைக்கும் முறையை 1946-இல் டக்ளஸ் விவரித்தார். இவை எதுவும் பலிக்காதபோது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் நேராகக் குழாய் வைக்கும் டிரக்கியாஸ்டமிதான் நெடுங்காலம் கடைசிப் புகலாக இருந்தது. உயிரைக் காக்கும் சிகிச்சைதான். ஆனால் குழாய் சளியால் அடைபட்டால் நிமிடங்களில் ஆபத்து. இரவும் பகலும் ஒருவர் விழித்திருந்து சளி உறிஞ்ச வேண்டும். அழுகைக் குரல்கூட வெளியே கேட்காது. குழாயை எடுக்க மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

தாடையையே நீட்டிவிடலாம் என்ற வழி எலும்பு மருத்துவத்திலிருந்து வந்தது. சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களிலிருந்து பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ், எலும்பை வெட்டி இரு துண்டுகளையும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்கினால், இடைவெளியில் புது எலும்பு தானே ஊறி நிரப்புவதைக் காட்டினார். விபத்தில் கால் சிதைந்த ஒலிம்பிக் உயரத் தாண்டல் வீரர் வலேரி புரூமெல் 1968-இல் அவரிடம் சிகிச்சை பெற்றுத் தேறியபின் குர்கான் சோவியத் நாடெங்கும் பெயர் பெற்றது. நியூயார்க்கில் ஜோசப் மெக்கார்த்தி இந்த முறையை நான்கு சிறார்களின் கீழ்த்தாடையில் செய்துபார்த்து 1992-இல் வெளியிட்டார். அவர் திருத்த முயன்றது பெரும்பாலும் முகத்தின் கோணலை. மூச்சடைத்த பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த அறுவை வந்துசேர்ந்தது அதற்குப் பிறகுதான். முகத்துக்காகப் பிறந்த சிகிச்சை தன் வலுவான நியாயத்தை மூச்சில் கண்டது என்பது கவனிக்கத்தக்கது. கீழே வரும் வாதம் அதைச் சார்ந்தே நிற்கிறது.

அறுவையில் தாடையின் இரு பக்கமும் கீழிருந்து திறக்கப்படுகிறது. முளைக்காத பற்களின் கருக்களையும் கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பையும் முடிந்தவரை ஒதுக்கி எலும்பு வெட்டப்படுகிறது. வெட்டின் இருபுறமும் உலோகக் கருவி பொருத்தப்படுகிறது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு அதன் திருகைத் தினமும் திருப்பி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை தாடையை முன்னே நகர்த்துகிறார்கள். பெரியவர்களின் எலும்பைவிடப் பச்சிளம் எலும்பு விரைவில் கூடிவிடும். ஆகவே தாமதித்தால் நீள்வதற்குள் இறுகிவிடும், அவசரப்பட்டால் எலும்பு ஊறாமல் வெற்றிடம் நிற்கும். மொத்தத்தில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீட்டியபின் எலும்பு கெட்டிப்படப் பல வாரங்கள் கருவி உள்ளேயே இருக்கும். பிறகு அதை எடுக்க இன்னொரு அறுவை. சில இடங்களில் திருகைத் திருப்பும் வேலை தாய்க்கோ தந்தைக்கோ கற்றுத்தரப்படுகிறது. முன்னே வரும் தாடை நாக்கையும் உடன் இழுத்து வருவதால் தொண்டை திறக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் டிரக்கியாஸ்டமியிலிருந்து தப்புகின்றன. விலையும் உண்டு: தழும்பு, தொற்று, பற்கரு சேதம், உதட்டு மரப்பு, முகநரம்பின் ஒரு கிளை தளர்ந்து உதடு கோணுதல், தாடை மூட்டு இறுகுதல்.

புரூமெலின் வலி அவரே தேர்ந்தெடுத்தது. மறுபடி தாண்ட வேண்டும் என்ற ஆசையும் அதற்கு எவ்வளவு தாங்கலாம் என்ற கணக்கும் அவருடையவை. பிறந்து இரண்டு வாரமான குழந்தைக்கு ஆசையும் இல்லை, கணக்கும் இல்லை. அதன் எலும்பை வெட்டுவதற்கு ஒப்புதல் தருபவர் வேறொருவர், வலி படுவது அது. தன் உடலல்லாத உடலை அறுக்கச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? மருத்துவமனைப் படிவம் இதை ஒரு கையெழுத்தில் முடித்துவிடுகிறது. கேள்வி அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

கேள்வியைத் தட்டிக்கழிக்க மருத்துவம் ஒருகாலத்தில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. பச்சிளங்குழந்தைக்கு வலியே தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்று நம்பப்பட்டது. 1980-கள் வரையிலும் பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தசைகளை அசையாமல் கட்டும் மருந்தும் மிக லேசான மயக்கமும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், அப்படி இதய அறுவைக்கு உள்ளான குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு வலிமருந்து ஃபெண்டானில் சேர்த்துக் கொடுத்து ஒப்பிட்டார். மருந்து பெற்றவர்களின் உடல் அதிர்ச்சி குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன. அந்த ஆய்வு 1987-இல் வந்தபின் பழைய நம்பிக்கை நிற்க முடியவில்லை. நினைவு இல்லாததால் வலி இல்லை என்ற வாதம் அறிவியலால் மட்டும் வீழவில்லை. தத்துவமாகவும் அது சொத்தை. நேற்றைய வலியை இன்று மறந்தவர் நேற்று வலியே படவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே தாடை அறுவையின் நியாயத்தைத் தேடுபவர், வலி இருக்கிறது என்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெற்றவர்களுக்குப் பிள்ளை மேல் உரிமை உண்டு, அது போதாதா என்பது எளிதில் கிடைக்கும் பதில். நம் பேச்சு வழக்கில் இது ஆழமாக ஊறிய எண்ணம். ரோமச் சட்டம் ஒருகாலத்தில் தந்தைக்குப் பிள்ளையின் உயிர் மீதே அதிகாரம் கொடுத்திருந்தது. இங்கிலாந்தின் ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இதை மறுத்தார்: பெற்றோரின் அதிகாரம் பிள்ளையை வளர்த்துக் காக்க வேண்டிய கடமையிலிருந்து பிறப்பது, அந்தக் கடமைக்குத் தேவையான அளவே அது நீளும். காண்ட் 1797-இல் இன்னும் ஒரு படி கூர்மையாகச் சொன்னார். ஓர் ஆளை அவர் சம்மதம் இல்லாமலே உலகுக்குக் கொண்டுவந்தவர்கள் பெற்றோர். அதனால் அந்த நிலையோடு அவர் மனநிறைவு கொள்ளும்படி செய்வது அவர்கள் மேல் விழுந்த கடன். இப்படிப் பார்த்தால் சம்மதம் கேளாத செயல் அறுவையில் தொடங்குவதில்லை, பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. கையெழுத்திடும் பெற்றோர் தம் சொத்தைப் பற்றித் தீர்மானிக்கவில்லை, கடனைத் தீர்க்கிறார்கள்.

இந்தியச் சட்டம் ஏறத்தாழ இதே பக்கம்தான் சாய்கிறது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 89-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 27-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளர் சம்மதத்தோடு நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலைக் குற்றமல்ல என்கிறது. பழைய சட்டம் எடுத்துக்காட்டாகத் தருவதே ஓர் அறுவையைத்தான். தன் பிள்ளை குணமாக வேண்டும் என்று, சாவு நேரக்கூடும் எனத் தெரிந்தும், கல்லடைப்புக்கு அறுவை செய்விக்கும் தகப்பன் குற்றவாளி அல்ல. அக்காலத்தில் மூத்திரக் கல்லை அறுத்தெடுப்பது உயிரைப் பணயம் வைப்பது. பிரிவின் நிபந்தனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான செயலைச் சாவையோ கொடுங்காயத்தையோ தடுக்க, அல்லது கடும் நோயைக் குணமாக்க மட்டுமே செய்யலாம். வேறு எந்த நோக்கத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பெற்றோரின் சம்மதத்துக்கு எல்லைக்கோடு அங்கேயே போடப்பட்டுவிட்டது.

கடன் என்றால் யாருக்குப் பட்ட கடன்? இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கா, நாளை அது ஆகப்போகும் பெரியவருக்கா? நவீன அறவியலில் செல்வாக்கு பெற்ற விடை இரண்டாவது. ஜெரால்ட் டுவோர்கின் 1972-இல் எழுதிய கட்டுரையில், குழந்தை பின்னாளில் வளர்ந்து இதன் நியாயத்தைக் கண்டு ஒப்புக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பே பெற்றோரின் தலையீட்டுக்கு நியாயம் என்றார். ஜோயல் ஃபைன்பெர்க் 1980-இல், குழந்தைக்குத் திறந்த எதிர்காலம் ஒன்றுக்கு உரிமை உண்டு, வளர்ந்தபின் அது தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகளை இப்போதே அடைத்துவிடக் கூடாது என்று வாதிட்டார். இவை பல விஷயங்களில் நல்ல அளவுகோல்கள். எந்தப் பள்ளி, எந்த மதக் கல்வி என்ற கேள்விகளுக்கு இவை ஒளி தருகின்றன. தாடை அறுவையில் இவை தடுமாறுகின்றன.

பின்னாளில் கிடைக்கும் நன்றி எதையும் நிரூபிப்பதில்லை. அறுவை செய்துகொண்ட குழந்தை இருபது வயதில் நன்றி சொல்லும். டிரக்கியாஸ்டமிக் குழாயோடு மூன்று வயதுவரை வளர்ந்தவரும் உயிர் காத்ததற்கு நன்றி சொல்வார். இரண்டில் எது சரியான தேர்வு என்று அந்த நன்றியிலிருந்து தெரியாது. வளர்ந்து வரும் ஆள், எடுத்த முடிவால் உருவானவர். அந்த முடிவுக்கு அவரையே நடுவராக்குவது பொருந்தாது. இதைவிடக் கடினமான இன்னொரு இடமும் உண்டு. பியர் ராபின் நிலையோடு பிறப்பவர்களில் கணிசமானோருக்கு வேறு மரபணு நோய்க்கூறுகளும் இருக்கின்றன. அவர்களில் சிலருக்கு மூளை வளர்ச்சியும் பாதிக்கப்பட்டிருக்கும். அந்தக் குழந்தை என்றைக்கும் காரண காரியம் அறிந்து ஒப்புதல் சொல்லும் நிலைக்கு வராமல் போகலாம். எதிர்காலச் சம்மதமே நியாயம் என்றால், அந்தக் குழந்தையின் மூச்சைத் திறப்பதற்கு நியாயமே இல்லை என்றாகும்.

1982-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து புளூமிங்டனில் இந்தத் தர்க்கத்துக்கு நெருங்கிய ஒன்று நடந்தது. டவுன் நோய்க்கூட்டோடும் அடைபட்ட உணவுக்குழாயோடும் பிறந்த குழந்தைக்கு, குழாயைச் சரிசெய்யும் அறுவையைப் பெற்றோர் மறுத்தார்கள். நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. குழந்தை ஆறாம் நாள் இறந்தது. உணவுக்குழாய் அறுவை அப்போதே நன்கு தெரிந்த ஒன்று. மறுக்கப்பட்டது அறுவையின் ஆபத்தால் அல்ல, பிள்ளையின் மூளை எப்படி இருக்கும் என்ற மதிப்பீட்டால். எழுந்த கண்டனத்தின் விளைவாக 1984-இல் அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய சிகிச்சை மறுப்பு புறக்கணிப்பாகக் கருதப்படலாயிற்று. பெற்றோரின் அதிகாரம் கடனிலிருந்து பிறப்பது என்றால், அந்தக் கடன் குழந்தையின் வருங்கால அறிவைப் பொறுத்துக் கூடிக் குறைவதல்ல என்பதும் சேர்ந்தே வருகிறது.

ஆகவே நியாயத்தை எதிர்காலத்தில் தேடாமல் நிகழ்காலத்திலேயே தேடுவதுதான் சரி. குழந்தை பேசவில்லை, ஆனால் அது எதுவும் கேட்கவில்லை என்பது தவறு. விலா எலும்பு உள்வாங்க மூச்சு இழுப்பதும், பால் புட்டியைக் கண்டு திமிறுவதும், நீலம் பாய்வதும் வேண்டுகோள்களே. சம்மதம் என்ற சொல்லுக்குரிய அறிவு அவற்றில் இல்லை, தேவை என்ற சொல்லுக்குரிய முழுப் பொருளும் இருக்கிறது. அந்தத் தேவையே கத்தியை அனுமதிக்கிறது.

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் அபய இளவரசனோடு புத்தர் நடத்தும் உரையாடல் இங்கே வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. கடுமையான சொல்லைப் புத்தர் சொல்வாரா என்று மடக்க வந்தவன் அபயன். அப்போது அவன் மடியில் பச்சைக் குழந்தை ஒன்று கிடந்தது. கவனக்குறைவால் இந்தக் குழந்தை ஒரு குச்சியையோ கூழாங்கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். இடக்கையால் தலையைப் பிடித்து வலக்கை விரலை வளைத்து, இரத்தம் வந்தாலும் சரி, எடுத்துவிடுவேன், குழந்தை மேல் எனக்குள்ள இரக்கத்தால் என்கிறான் இளவரசன். உரையாடலின் நோக்கம் சொல்லைப் பற்றியது. ஆனால் எடுத்துக்காட்டு தன்னளவில் ஒரு முழு வாதம். அங்கே குழந்தையின் சம்மதம் கேட்கப்படவில்லை, பின்னாளில் அது என்ன நினைக்கும் என்று எண்ணிப் பார்க்கப்படவில்லை. அடைப்பு இருக்கிறது, கையருகே ஆள் இருக்கிறார், இரத்தம் வருவது தடையாகாது.

இருந்தாலும் அபயனின் விரலும் அறுவை மருத்துவரின் கத்தியும் ஒன்றல்ல. கூழாங்கல் வெளியிலிருந்து வந்தது. நாக்கும் தாடையும் குழந்தையின் சொந்த உடம்பு. கல்லை எடுப்பது நொடி வேலை, தாடை நீள வாரங்கள் பிடிக்கும். நொடி வேலையில் இரக்கம் தயங்க நேரமில்லை. வாரக்கணக்கில் நடப்பதில் இரக்கம் தினமும் புதிதாகத் தீர்மானிக்கப்பட வேண்டியிருக்கிறது. திருகைத் திருப்பும் தாயின் நிலை இதுதான். அறுவைக் கூடத்தில் நடந்ததற்கு அவர் சாட்சி மட்டுமே, திருகில் அவர் கையே ஈடுபடுகிறது. ஒப்புதல் படிவம் ஒருமுறை கையெழுத்தாவது. இந்த ஒப்புதல் நாள்தோறும் தரப்படுகிறது.

தமிழ்ப் பக்தி மரபு வலி தரும் அன்பைப் பற்றிப் பேசியிருக்கிறது. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பாடும் ஒரே பதிகத்தில் இரண்டு உவமைகள் வருகின்றன. ஒன்று, கோபத்தில் தாய் தள்ளினாலும் அவள் அருளையே நினைத்து அழும் குழந்தை. மற்றொன்று, அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவன் மேல் அன்பு குறையாத நோயாளி. பதிகத்தில் இவர்கள் தனித்தனி ஆட்கள். தாடை அறுவையில் குழந்தையும் நோயாளியும் ஒருவரே ஆகிவிட, உவமையின் உயிர்நாடி கழன்றுவிடுகிறது. ஆழ்வாரின் நோயாளி மருத்துவனை அறிந்து நேசிக்கிறான். அவன் நம்பிக்கைதான் வலியைப் பொருளுடையதாக்குகிறது. தொட்டில் நோயாளிக்கு மருத்துவர் யார் என்றே தெரியாது. அதனிடம் இல்லாத நம்பிக்கையை வேறு யாராவது சுமந்தாக வேண்டும். சுஸ்ருத சம்ஹிதை, தாய் தந்தையைக்கூடச் சந்தேகிக்கும் நோயாளி வைத்தியனிடம் தன்னை ஒப்படைக்கிறான், ஆகவே வைத்தியன் அவனைப் பெற்ற மகனாகக் காக்க வேண்டும் என்கிறது. ஒப்படைக்கவும் தெரியாத நோயாளியிடம் அந்தக் கடமை தளராது, கூடவே செய்யும்.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் தூரம் கொண்டுசெல்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், மருத்துவன் சில நோயை அறுத்தும் கீறியும் தீர்க்கிறான், சில நோயைப் பாலும் கட்டியும் கலந்து கொடுத்துத் தீர்க்கிறான், அதுபோல இறைவனும் இன்பதுன்பங்களை ஊட்டி வினையை அறுக்கிறான் என்கிறார். துன்பமும் அருளின் வடிவம் என்னும் மறக்கருணைக் கோட்பாடு இதுதான். பிறந்த குழந்தை ஏன் துன்பப்படுகிறது என்ற கேள்விக்கு வினைக் கோட்பாடு முற்பிறவியைக் காட்டி விடை தருகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் அதே கேள்விக்கு ஆதாமின் பாவத்தைக் காட்டினார். குழந்தைகள் படும் துன்பத்தையே அவர் பிறவிப் பாவத்தை மறுத்தவர்களுக்கு எதிரான சான்றாக வைத்தார். இரண்டு விடைகளும் உலகின் நீதியைக் காப்பாற்றுகின்றன. தொட்டிலருகே நிற்பவருக்கு அவை என்ன செய்யச் சொல்கின்றன என்பது வேறு கேள்வி. துன்பம் வினையின் பயன் என்று நம்பும் மரபுகளே ஆதுலர் சாலை எனும் மருத்துவமனைகளும் வைத்திருந்தன. சோழர் காலத்துத் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டு மருத்துவரையும் மருந்துகளையும் பட்டியலிடுகிறது. துன்பத்துக்குக் காரணம் சொல்வதும் துன்பத்தை அப்படியே விட்டுவிடுவதும் ஒன்றல்ல என்று அந்தச் சமூகம் நடைமுறையில் அறிந்திருந்தது.

சித்தியாரின் உவமையைத் தலைகீழாகத் திருப்புவதில்தான் ஆபத்து. இறைவனை மருத்துவனுக்கு ஒப்பிடலாம். மருத்துவனை இறைவனுக்கு ஒப்பிட முடியாது. இறைவனின் கத்தி எங்கே போய் முடியும் என்பது அவனுக்குத் தெரியும் என்பது கோட்பாட்டின் அடிப்படை. மனித மருத்துவருக்கு அந்த அறிவு இல்லை. பியர் ராபின் குழந்தைகளின் தாடை தானே வளர்ந்து ஈடுகட்டும் என்று சிலரும், பலருக்கு அது கடைசிவரை பின்தங்கியே நிற்கும் என்று சிலரும் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். அண்ணத் தகட்டை நம்பும் மருத்துவமனைகள் அறுவையை அரிதாகவே செய்கின்றன, அறுவையில் தேர்ந்தவை அதை முன்கூட்டியே செய்கின்றன. எந்தக் கதவைத் தட்டினோம் என்பதைப் பொறுத்து ஒரே குழந்தைக்குச் சிகிச்சை மாறுவது இத்துறையின் சங்கடமான உண்மை. வலி தந்தும் அருள் செய்யலாம் என்ற வாக்கியம், விளைவை உறுதியாக அறியாதவர் வாயில் அடக்கத்தோடுதான் வர வேண்டும்.

படைக்கப்பட்ட வடிவத்தை மாற்றலாமா என்ற தயக்கம் பல மதங்களில் உண்டு. பொதுவாக நாம் நினைப்பதைவிட நுட்பமாகவே அவை விடை தந்திருக்கின்றன. இஸ்லாமிய மரபில் இறைவனின் படைப்பை அழகுக்காக மாற்றுவது கண்டிக்கப்படுகிறது. ஆனால் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா வெள்ளி மூக்கு பொருத்திக்கொண்டு அது நாற்றம் எடுத்தபோது, பொன் மூக்கு வைத்துக்கொள்ள நபிகள் அனுமதித்தார் என்ற ஹதீஸும் இருக்கிறது. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் குறையைச் சீர்செய்ய அது தடையாகவில்லை. கத்தோலிக்க அறவியலில், முழு உடலின் நலத்துக்காக ஓர் உறுப்பை இழக்கலாம் என்ற நெறியைப் போப் பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் மருத்துவர்களிடையே ஆற்றிய உரையில் விளக்கினார். மூச்சுக்காக ஒரு பற்கருவையோ உதட்டின் உணர்வையோ பணயம் வைப்பது அதன்படி நியாயமே. ஆனால் அந்த நெறி ஒரு கேள்வியையும் கூடவே வைக்கிறது: முழு உடலுக்கு இந்த இழப்பு உண்மையில் தேவைப்படுகிறதா?

அந்தக் கேள்விதான் அறுவையின் எல்லையை வரைகிறது. தேவையே நியாயம் என்றால், தேவை முடியும் இடத்தில் நியாயமும் முடிகிறது. குப்புறப் படுத்தால் நன்றாக மூச்சுவிட்டு எடை ஏறும் குழந்தைக்கு, மோவாய் சிறிதாக இருக்கிறதே என்பதற்காக எலும்பை வெட்டுவது இந்த வாதத்தால் காக்கப்படாது. தூக்கத்தின்போது மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது, இரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு தேங்குகிறது என்று அளக்கும் சோதனைகள் இங்கே வெறும் தொழில்நுட்பம் அல்ல. பெற்றோர் முகத்தைப் பார்த்து வேண்டுகிறார்களா, மருத்துவர் மூச்சைப் பார்த்துத் தீர்மானிக்கிறாரா என்பதை அவை பிரித்துக் காட்டுகின்றன. குழந்தையைப் பார்க்க வரும் உறவினர் மோவாயைச் சுட்டிப் பேசுவது பெற்றோரைக் குத்தும் என்பது உண்மையே. அந்தக் குத்தலுக்கு மருந்தைக் குழந்தையின் எலும்பில் தேடக் கூடாது. நாக்குக்குக் கீழே, குரல்வளைப் பக்கம் இன்னொரு அடைப்பு இருந்தாலும், மூச்சுத் தடை மூளையிலிருந்தே வந்தாலும் தாடையை நீட்டிப் பயன் இல்லை. அப்போது டிரக்கியாஸ்டமியே நேர்மையான வழி.

வீட்டு நிலைமையும் இந்தத் தராசில் ஏறுகிறது. அறவியல் நூல்கள் குழந்தையின் நலனை ஒரு தனித்த பொருளாகப் பேசுவது வழக்கம். ஆனால் கழுத்தில் குழாயோடு வீடு திரும்பும் குழந்தைக்குச் சளி உறிஞ்சும் கருவி, தடையற்ற மின்சாரம், மாறி மாறி விழித்திருக்க இரண்டு பேர், அருகில் ஒரு மருத்துவமனை எல்லாம் வேண்டும். இவை இல்லாத வீட்டில் டிரக்கியாஸ்டமியின் ஆபத்து பாடநூல் எண்களைவிடப் பெரிது. அங்கே சில வாரங்களில் முடிந்துவிடும் அறுவை கூடுதல் நியாயம் பெறுகிறது. வசதியான வீட்டுக் குழந்தைக்குக் காத்திருப்பது சரியாக இருக்க, வசதியற்ற வீட்டுக் குழந்தைக்கு அறுப்பதே சரியாக இருக்கலாம். தேவை ஒன்றே என்றாலும் அதைத் தீர்க்கும் வழி ஒன்றே அல்ல. அறுவைக்கான கருவியின் விலையும் தேர்ந்த மருத்துவர்கள் பெருநகரங்களில் மட்டுமே இருப்பதும் சேரும்போது, இந்த நியாயம் ஏட்டிலேயே நின்றுவிடுவதும் நடக்கிறது.

முகத்தைப் பற்றிய கேள்வி அதோடு தீர்ந்துவிடுவதில்லை, தள்ளிப்போகிறது. குழந்தைப் பருவத்தில் நீட்டப்பட்ட தாடை மேல்தாடையின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்காமல் மறுபடி பின்தங்கலாம். நீட்டப்படாத தாடை ஓரளவே எட்டிப்பிடிக்கலாம். பற்களின் கடிப்பைச் சீர்செய்யவும் மோவாயை முன்னெடுக்கவும் செய்யும் அறுவையை முக எலும்புகளின் வளர்ச்சி முடிந்தபின், பதின்பருவத்தின் இறுதியில், செய்வது வழக்கம். அந்த வயதில் உயிருக்கு நெருக்கடி இல்லை, காத்திருக்க நேரம் இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் முகம் தனக்கு எவ்வளவு பொருட்டு, அதற்காக எவ்வளவு வலி தாங்கலாம் என்ற கணக்கைப் போட ஓர் ஆளும் இருக்கிறார். இந்தியாவில் பதினெட்டு வயது நிறைந்தவர் தம் அறுவைக்குத் தாமே ஒப்புதல் தரலாம். அதற்குக் கீழே காப்பாளரின் கையெழுத்து வேண்டியிருந்தாலும், பதினாறு வயதினரின் மறுப்பை மீறி மோவாயை அறுக்க எந்தத் தேவையும் மருத்துவரை நெருக்குவதில்லை.